டீயில் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சொன்னேன்

கண்ணு, இந்தக் கடிதத்தைக் கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், முகம் கை கால் கழுவி, உட்கார்ந்து படி. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தால் மடித்து வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடு. கிழித்துப் போட்டுவிடாதே. அஞ்சாங்கிளாஸோடு நின்ற கை இது. இவ்வளவு எழுத எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. இன்னொரு தரம் எழுத வெள்ளிக்கிழமைக்குள் நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை உனக்கு வயிற்றில் ஆபரேஷன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தொப்புளுக்கு மேலே குடல் பிதுங்கி நிற்பது தெரியும், உள்ளே வலை வைத்துத் தைக்கப் போகிறார்கள் என்பதும் தெரியும். கம்பெனியில் ஷட்டவுன் விடுகிற ஒன்பது நாளுக்குள் படுத்து எழுந்து, யாருக்கும் தெரியாமல் லைனுக்குத் திரும்பிவிடலாம் என்று நீ மனசில் போட்டிருக்கிற திட்டமும் தெரியும். உனக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்பது தெரியும். அதை ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் நீ சொல்லவில்லை என்பதும் தெரியும்.

யார் சொன்னது என்று அவள் மேலே பாயாதே. உன் பெண்டாட்டிதான் போன் பண்ணினாள். உன் வீட்டுப் பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பெற்றவள் நான் நிற்கும்போது அவள் அம்மாவைக் கூப்பிட்டு அடுப்புப் பற்றவைக்கச் சொன்னீர்களே, அன்றையிலிருந்து அவள் என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அந்த அம்மா கட்டியிருந்த புடவை மாம்பழக் கலர், பச்சை பார்டர். பால் பொங்கினதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். எதையும் மறக்கவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை போனில் அவள் பெயரைப் பார்த்ததும் கை வேலையை அப்படியே போட்டுவிட்டேன். இவளே கூப்பிடுகிறாள் என்றால் என் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன்.

"அத்தே, நான் பேசுதேன்னு அவுககிட்டச் சொல்லிராதிய" என்றாள். கோவில்பட்டிப் பேச்சு இன்னும் அவளை விடவில்லை. "ரத்தம் எடுக்கதுக்கு முன்னால ரெண்டு நாளு சோறே திங்கல. மாத்திரய ரெண்டு ரெண்டா முழுங்குனாக. கையெல்லாம் வெடவெடன்னு நடுங்கி, வேர்த்து ஊத்தி, சுவரப் பிடிச்சு உக்காந்துட்டாக. அப்புறம் ரிப்போட்டு நல்லா வந்திருச்சுன்னு சிரிக்காக. இந்தக் களவாணித்தனத்த எங்க படிச்சாகளோ தெரியல அத்தே."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பன்னிரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாதது. நேரில் சொல்ல வாய் வராது. போனில் ஆரம்பித்தால் நீ, "மா, ஷிப்ட்ல இருக்கேன் மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய்.

உங்கப்பாவுக்கும் இதே வியாதிதான், இதே இடத்தில். மாங்காய்க் கூடையை லாரிக்குத் தூக்கித் தூக்கி வயிறு விட்டுப்போய், இருமினால் எலுமிச்சம்பழம் மாதிரி வெளியே வந்து நிற்கும். கையால் அமுக்கிவிட்டுக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினார். அப்புறம்தான் டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. அது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். தளிப் பக்கம் ஒரு ஆள் பொடி கொடுக்கிறான் என்று போய் வாங்கி வருவார். அந்த ஆள் கன்னடத்தில், "ஏனூ ஆகல்லம்மா, ஏனூ ஆகல்ல" என்பான். ஒன்றும் ஆகாது என்று அவன் சொன்னதை நம்பி ஆஸ்பத்திரி மாத்திரையை விட்டுவிட்டார். நீ ஊருக்கு வரும்போது கேட்டால் அது வயிற்றுப்பொருமலுக்குப் பொடி என்று சொல்லுவோம்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒருத்தரைச் சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் ஊசி போட்டு இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்கள். உங்கப்பா அதைக் கேட்டுவிட்டு என் கையை அழுத்தினார். தோப்பில் காய் இறக்க வேண்டிய மாசம் நெருங்குகிறது, பத்து நாள் தள்ளினால் தோப்பை யார் பார்ப்பது என்பது அவர் கவலை. முதல் தடவை ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், "என்னம்மா, கொஞ்சம் கூட இருக்கே, இவருக்கு சுகர் இருக்கா?" நான் சொன்னேன், "அதெல்லாம் இல்லீங்க சார். காத்தால டீ குடிச்சாரு. நான் சர்க்கரை போட்டுட்டேனுங்க."

அவ்வளவுதான் கண்ணு. அந்த ஒரு பேச்சுதான். டீயும் இல்லை, சர்க்கரையும் இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு, "நாளன்னிக்கு வெறும் வயித்தோட வாங்க, மறுபடி பாக்கலாம்" என்றார். அந்த இரண்டு நாளும் அவருக்குக் கொள்ளுத் தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. தெருவில் ஒரு பெரியவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுவார், அவரிடம் கேட்டு வாங்கி வந்து என் கையாலேயே கொடுத்தேன். உங்கப்பா கை வெடவெடவென்று நடுங்கி, வேர்த்து ஊற்றி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தோம். உன் பெண்டாட்டி போனில் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வாசல்தான் கண்ணில் நின்றது. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ பக்கத்தில்கூட இல்லை, ஓசூரில் டபுள் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படியே செய்திருக்கிறாயே!

ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். அதற்கு முந்தின நாள், வயிற்று முடியை நர்ஸ் பொண்ணு எடுத்தால் வெட்கம் என்று உங்கப்பா பழைய பிளேடால் தானே சிரைத்துக்கொண்டு அங்கங்கே கீறி வைத்திருந்தார். அதற்கு அந்தப் பொண்ணு, "ஏன் தாத்தா இப்படிப் பண்ணீங்க, வேணும்னா நாங்களே மெஷின்ல எடுப்போமே, கீறல் வழியா கிருமி போகும்" என்று திட்டியது. அதையும் நாங்கள் சிரித்தே தள்ளினோம். அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டைப் பிரிக்காதீங்க, ஈரம் படாம பாத்துக்குங்க, சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க என்று அந்தப் பொண்ணு இரண்டு தரம் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னது. நான் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னேன். என் ஞாபகத்துக்கு என்ன குறை.

வீட்டுக்கு வந்ததும் ஊரே தையல் பார்க்க வந்தது. நம்ம பக்கம் அது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. ஆரஞ்சு, பிரெட், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், கட்டிலிலேயே உட்காருவார்கள், "எத்தனை தையல்? எங்க காட்டு" என்பார்கள். காட்டாவிட்டால் மரியாதை இல்லை என்று ஆகிவிடும். உங்கப்பாவுக்கும் காட்டுவதில் ஒரு பெருமை. வேட்டியை இறக்கி, பிளாஸ்திரியை ஒரு ஓரம் தூக்கிக் காட்டுவார். தோப்பில் மருந்தடித்துவிட்டு வந்த கை, மாட்டைக் கட்டிவிட்டு வந்த கை, எல்லாம் தொட்டுப் பார்த்தது. உன் பெரிய அத்தை விரலை வைத்தே எண்ணினாள். "ஒம்பது தையல் அண்ணா, எம்மவனுக்குக்கூட ஏழுதான்" என்றாள். அவளேதான், பருப்பு போடாதே, முட்டை போடாதே, கத்திரிக்காய் கண்ணிலேயே காட்டாதே, சீழ் கட்டும் என்று அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கப்பாவுக்கு வெறும் கஞ்சியும் மிளகு ரசமும் மட்டும் போட வைத்தாள்.

ஏழாம் நாள் பிளாஸ்திரியைச் சுற்றிச் சிவப்பு. தொட்டால் சுட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் ரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை தெரிந்துவிடும், நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். அந்த டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது? அந்த வெட்கம்தான் கண்ணு, வேறு ஒன்றும் இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினேன். எட்டாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் நாற்றம். நான் சாம்பிராணி போட்டேன். நீ போன் பண்ணினாய். "அப்பா எப்படி இருக்காரும்மா?" என்றாய். "நல்லாக்கீறாருடா, இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு" என்றேன்.

பத்தாம் நாள் அவர் கண் நிலைகுத்தியதும்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ ராயக்கோட்டை ரோட்டில் வண்டியில் வந்தாய். சானமாவுக் காட்டில் யானை ரோட்டில் நிற்கிறது என்று இரண்டு மணி நேரம் மறித்து வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நீ இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாய். "யானை மட்டும் நிக்காம இருந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரு" என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டியிருக்கிறேன். யானை நிறுத்தியது இரண்டு மணி நேரம். நான் நிறுத்தி வைத்தது நாலு நாள்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி மெஷினில் வைத்தார்கள். நம்பரே வரவில்லை, இங்கிலீஷில் ரெண்டு எழுத்து வந்தது. மெஷின் அளக்கிறதுக்கும் மேலே போய்விட்டால் அப்படி வருமாம். அதே நர்ஸ் பொண்ணுதான் என்னைப் பார்த்துக் கேட்டது, "சுகர் இருக்குன்னு ஏம்மா சொல்லல? மொதல்லயே சொல்லியிருந்தா எறக்கிட்டுச் செஞ்சிருப்பாங்களே." நான், "எங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டார்.

அப்புறம் நீ செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன்கூட ரெண்டு ஃபிரண்டு. "ஊசிய ஒழுங்கா போட்டிருந்தா எங்கப்பா ஏன்டி சாவாரு, கட்டு மாத்தத் தெரியாதவளையெல்லாம் யாருடி வேலைக்கு வச்சது?" என்று அந்தப் பொண்ணை வராண்டாவில் சுவரோடு நிற்க வைத்துக் கத்தினாய். இருபத்திரண்டு வயசு இருக்கும். கையில் ட்ரே இருந்தது. அதைக்கூட கீழே வைக்காமல் அழுதது. அழுதுகொண்டே என்னைப் பார்த்தது. நான் சொல்லிவிடுவேன் என்றுதான் பார்த்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். யார் யார் என்னை எங்கே எப்படிப் பேசினார்கள் என்று நான் அடுக்கி வைத்திருக்கிறேனே, அந்த அடுக்கில் அந்தப் பொண்ணோட முகம் மட்டும் வேறு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மற்றவர்கள் எனக்குச் செய்தது. இது நான் செய்தது.

உன் அத்தையோடு பன்னிரண்டு வருஷமாக நான் பேசுவதில்லை. அவள் பத்தியம்தான் அவள் அண்ணனைக் கொன்றது என்று அவள் பிள்ளைகளே சொல்லும்படி ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். அவள் செய்ததும் தப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் தப்பை மூட அவள் தப்பைப் போர்த்திக்கொண்டேன். இப்போதும் அவளோடு பேசப் போவதில்லை. அது வேறு விஷயம், அதுக்கு வேறு காரணம் நாலு இருக்கிறது.

எனக்கும் இப்போது சர்க்கரை. மாசாமாசம் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற கவிதா என்கிற பொண்ணிடம், உன் பெண்டாட்டி போன் வைத்த மறுநாளே எல்லாவற்றையும் கேட்டேன். யாரோ ஒருத்தருக்கு என்றுதான் கேட்டேன். அது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மகனுக்குத்தானே ஆயா?" என்றது. வெறும் வயிற்றோடு எடுக்கிற ரத்தத்தை ஏமாற்றலாமாம், மூணு மாசமாக சர்க்கரை எப்படி இருந்தது என்று காட்டுகிற இன்னொரு டெஸ்ட் இருக்கிறதாம், அதை ஏமாற்ற முடியாதாம். சர்க்கரை மேலேயே நின்றால் தையல் போட்ட இடம் ஒட்டாதாம், கிருமிக்குச் சாப்பாடு போட்ட மாதிரியாம். அதிலும் உனக்கு வலை வைக்கப் போகிறார்கள். வலையில் சீழ் பிடித்தால் மருந்துக்கு லேசில் அடங்காது, சிலபேருக்குத் திறந்து அதை எடுக்கவே வேண்டிவரும் என்றது. பட்டினி கிடந்து மாத்திரையை ரெண்டாகப் போட்டால் நினைவு தப்பி உயிருக்கே வந்துவிடும் என்று அடித்துச் சொன்னது. "சொன்னா தள்ளித்தானே ஆயா வைப்பாங்க, வேண்டாம்னு சொல்லமாட்டாங்களே. எறக்கிட்டு நல்லபடியா செய்வாங்க" என்றது. இந்த வார்த்தையை நான் பன்னிரண்டு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சர்க்கரை என்று பேப்பரில் ஏறினால் கம்பெனி டாக்டர் அன்ஃபிட் என்று எழுதிவிடுவான், உலைப் பக்கத்திலிருந்து தூக்கி மூட்டை கட்டுகிற பக்கம் போட்டுவிடுவான், நாலு வருஷமாகக் காத்திருக்கிற லீடர் வேலை வேறொருத்தனுக்குப் போய்விடும். ஷட்டவுனை விட்டால் இனி லீவு கிடைக்காது. உங்கப்பாவுக்கும் தோப்பு இருந்தது. காய் இறக்குகிற மாசம் வந்தது, வேறு ஆள் வந்து இறக்கினான், காய் லாரியில் ஏறிப் போனது. அவர் இல்லாமல் எதுவும் நிற்கவில்லை. உன் லைனும் நிற்காது. நின்றுபோவது உன் வீடுதான்.

ஆகவே கேள். கேட் எதிரே டீக்கடையில் நின்று இழுக்கிறாயே, அந்த சிகரெட்டை இன்றைக்கே விடு. புண் ஆறுவதற்கு அதுவும் ஆகாதாம். பிளேடைத் தொடாதே. சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போ. பிறகு எவன் வந்து தையலைக் காட்டு என்றாலும், மாமனார் வீட்டு ஆளாக இருந்தாலும், காட்டாதே. கட்டைத் தொடுகிறவர்கள் கை கழுவித்தான் தொடவேண்டும். பருப்பும் முட்டையும் டாக்டர் சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. அம்மா சொன்னாள், அத்தை சொன்னாள் என்று அரைத்த எதையும் அதன்மேல் வைக்காதே. சிவந்தால், சுட்டால், கசிந்தால், காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே போ. திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வா.

இதெல்லாம் அப்புறம். முதலில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல். உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நீ பதறுவாய், பெற்றவள் எழுதக்கூடாது என்பாய். எழுதிவிட்டேன். உன் காலில் விழுகிறேன்டா. என் புருஷனை என் வாயாலேயே கொடுத்தேன். பிள்ளையையும் வாயை மூடிக்கொண்டு கொடுக்க என்னால் ஆகாது.

இதை நாகம்மா மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கம்பெனி பஸ்ஸில் திங்கட்கிழமை வருவாள், உன் கையில்தான் கொடுப்பாள். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை விடிந்ததும் முதல் பஸ் ஏறி வந்து, அந்த டாக்டர் ரூம் வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிடுவேன். உன் கம்பெனிக்காரன் இருந்தாலும் சொல்லுவேன். அதுக்காக நீ சாகிற வரைக்கும் என்னோடு பேசாமல் இரு. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் பேசாமல் இரு. நான் போய்ச் சேர்ந்த பிறகு கொள்ளி வைக்கவும் வராதே. தாங்கிக்கொள்வேன்.

அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால், என்னிடம் எதுவும் பேசவேண்டாம். அப்பாவைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்கவேண்டாம். டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. ஒரு ரிங் போதும். நான் எடுக்கமாட்டேன்.